மூன்று பேரல் ஷாட்கன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பம்ப் இழுத்துச் சுடும் ஏர்சாஃப்ட் ஷாட்கன்களை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்வது, அழகுபடுத்துவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாமே 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு போடும், ஒரே சுடலில் மூன்று பேரல் வழியே மூன்று குண்டு அனுப்பும் விளையாட்டுத் துப்பாக்கிகள்தான். ஸ்பிரிங் மாடல்களில் பேரலுக்கு ஒரு ஸ்பிரிங்.

பதில்களுக்குப் போகும் முன் ஒரு விஷயம். குண்டுகளை நிரப்பி வைக்கும் தோட்டா வடிவ டப்பாவான ஷெல்லைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைத்துவிடாதீர்கள். ஊட்டுவழியிலும், பேரலின் பின்முனையில் குண்டை உரசிச் சுழலவிடும் ஹாப் ரப்பருக்குப் பின்னாலும் குண்டுகள் உட்கார்ந்திருக்கும். ஷெல்லைக் கழற்றியபின், பழைய துணி திணித்த அட்டைப்பெட்டிக்குள் பம்ப் செய்து சுடுங்கள். ஒன்றும் வராமல் போன பிறகும் இன்னும் இரண்டு முறை சுடுங்கள். கடைசியாக டிரிகரை அழுத்தி ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டுத்தான் திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும். ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் உடற்கூட்டைப் பிரித்தால் பிஸ்டன் விரலைப் பதம் பார்த்துவிடும்.

கேள்வி: என் ஸ்பிரிங் ஷாட்கன் 0.20 கிராம் குண்டை வினாடிக்கு 85 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. கடினமான ஸ்பிரிங் போட்டு 110 மீட்டருக்கு ஏற்ற விரும்புகிறேன். மூன்று ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டுமா, ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது. மூன்று குண்டும் மூன்று வேகத்தில் போய் மூன்று இடத்தில் விழும். மூன்றையும் மாற்றுவதையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கணக்கைப் பாருங்கள். 85 மீட்டர் வேகத்தில் ஒரு குண்டின் ஆற்றல் சுமார் 0.72 ஜூல். 110 மீட்டரில் அது 1.21 ஜூல். அதாவது மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். அந்தக் கூடுதல் ஆற்றல் முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் மூன்று ஸ்பிரிங்குக்கும் சேர்த்து ஒரே இழுப்பில். இழுப்பின் முடிவில் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 5 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், இப்போது நீங்கள் இழுப்பது 15 கிலோ. மாற்றிய பின் அது 25 கிலோவாகும். ஒரு ஆட்டத்தில் நூறு முறை இழுத்தால் முதலில் களைப்பது தோள். முதலில் உடைவது பம்ப் பிடியிலிருந்து பின்னால் போகும் இரண்டு மெல்லிய இழுதகடுகள். அடுத்தது பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கி. இவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்புகள். வளையாது, மூலையில் மயிரிழை போல விரிசல் விட்டு ஒரு நாள் படக்கென்று போகும்.

ஷாட்கன் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் பயன்படும் சாமான். அந்தத் தூரத்தில் மூன்று குண்டு ஒரே சமயத்தில் ஒருவர் மேல் படும். அங்கே வேகம் கூட்டி வாங்குவது வலியைத் தவிர வேறில்லை. ஜப்பானில் 6 மி.மீ. குண்டுக்குச் சட்ட வரம்பு 0.98 ஜூல். டோக்கியோ மாருயி போன்ற நிறுவனங்களின் பொறியமைப்பே அதற்குக் கீழே நிற்கும்படி செய்யப்பட்டது. அவற்றைப் பார்த்து வார்த்த நகல்களும் அதே அளவுப் பாகங்களைத்தான் சுமக்கின்றன.

உங்கள் துப்பாக்கியில் வேகம் குறைந்திருக்கிறது என்று தோன்றினால் ஸ்பிரிங்கை விடுங்கள், காற்று எங்கே போகிறது என்று தேடுங்கள். பிரித்து, ஸ்பிரிங் இல்லாமல் பிஸ்டனை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, காற்று வெளியேறும் முனையான நாசிலின் துளையைக் கட்டைவிரலால் அடைத்து, பிஸ்டனை உள்ளே தள்ளுங்கள். பாதி வழியில் மெத்தென்று எதிர்த்து, கையை எடுத்ததும் பின்னால் துள்ள வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது. அதே அளவு புது ஓ-ரிங் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் பழையதைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தில் டெஃப்லான் டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றி, அதன் மேல் ஓ-ரிங்கை மாட்டுங்கள். அதிகமாகச் சுற்றினால் உராய்வு கூடி வேகம் இன்னும் குறையும். அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி: நாசிலைத் திறந்து விட்டுச் சிலிண்டரை நிமிர்த்தினால் பிஸ்டன் தன் எடையிலேயே மெல்ல இறங்க வேண்டும். மூன்றும் ஒரே வேகத்தில் இறங்கினால் வேலை முடிந்தது.

கேள்வி: மூன்று குண்டுகளில் இரண்டு நேராகப் போகின்றன. ஒன்று எப்போதும் பாதி வழியில் தரையைப் பார்க்கிறது. பேரல் கோணலா?

பேரல் கோணுவது அபூர்வம். ஒன்று மட்டும் சீக்கிரம் விழுகிறது என்றால் பத்தில் ஒன்பது முறை அந்தப் பேரலின் ஹாப் ரப்பர்தான் காரணம். எண்ணெய் பட்டிருக்கும், நகர்ந்திருக்கும் அல்லது மற்ற இரண்டைவிடக் குறைவாக உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். ஹாப் ரப்பரின் வேலை, குண்டின் மேல்பக்கத்தை உரசி அதைப் பின்னோக்கிச் சுழல விடுவது. அந்தச் சுழற்சிதான் குண்டைக் காற்றில் தாங்குகிறது. சுழலாத குண்டு எறிந்த கல் மாதிரி விழும்.

பிரிப்பதற்கு முன் ஒரு அட்டையில் துப்பாக்கியின் வடிவத்தைப் பெரிதாக வரையுங்கள். எந்த இடத்துத் திருகைக் கழற்றுகிறீர்களோ, படத்தில் அதே இடத்தில் அட்டையில் குத்தி வையுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் திருகுகளின் நீளம் வேறு வேறு. நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டால் எதிர்ப்பக்கப் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புடைப்பு எழும், அதன்பின் அதை மறைக்கவே முடியாது. உடற்கூட்டின் இரண்டு பாதிகளையும் உள்ளே இருப்பது தெரியும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுப் பிரியுங்கள். சேஃப்டி பொத்தானுக்கு அடியில் பல மாடல்களில் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் உருளையும் இருக்கும். அவை பறந்தால் அறை முழுக்கத் தவழ்ந்து தேட வேண்டியதுதான்.

பேரல் கொத்தை வெளியே எடுத்ததும் பின்பக்கத்திலிருந்து, வெளிச்சத்தைப் பார்த்து, மூன்றுக்குள்ளும் கண்ணை ஓட்டுங்கள். வெள்ளை வட்டத்தின் உச்சியில் ரப்பரின் மேடு கறுப்பாக, மூன்றாம் பிறை போலத் தெரியும். மூன்று பிறையும் ஒரே தடிமனில், ஒரே உச்சியில் இருக்க வேண்டும். ஒன்று பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் அந்தக் குண்டு இடமோ வலமோ வளையும். ஒன்று மெலிந்திருந்தால் அதுதான் உங்கள் தரையைப் பார்க்கும் பேரல்.

ரப்பரைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, நிழலில் முழுக்க உலர விடுங்கள். பேரலின் உட்புறத்தைத் துணி சுற்றிய கம்பியால், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால், துணி கறுக்காமல் வெளியே வரும்வரை. திரும்ப மாட்டும்போது ரப்பரின் உள்வரம்பு பேரலின் பள்ளத்தில் விழுந்து உட்கார வேண்டும், விரலுக்குத் தெரியும். ரப்பர் தொளதொளவென்று இருந்தால் பேரலின் பின்முனையில் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றலாம். ஆனால் மேட்டுக்கான ஜன்னலை டேப் மூடக் கூடாது. மூடினால் மேடு உள்ளே இறங்காது, நீங்கள் சரிசெய்ய வந்த கோளாறே இன்னும் கூடும்.

எல்லாம் செய்தும் பிறை மெலிவாகவே இருந்தால், ரப்பரின் வெளிப்பக்கத்தில், மேட்டுக்கு நேர் மேலே, 3 மி.மீ. அகலமும் 5 மி.மீ. நீளமும் உள்ள செல்லோ டேப் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். ஒரே ஒரு அடுக்கு. பூட்டி, பத்து மீட்டரில் பெரிய தாளை மாட்டி இருபது முறை சுட்டுப் பாருங்கள். தேவைப்பட்டால் இரண்டாவது அடுக்கு. அவசரப்பட்டு மூன்று அடுக்கை ஒட்டினால் குண்டு ரப்பரைத் தாண்டவே மாட்டாமல் சிக்கும்.

கடைசியாக, பேரல்களின் முன்முனை வெளிக்குழாய்க்குள் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் தாங்கு வளையத்தில் மின்காப்பு டேப் ஒரு சுற்று போதும்.

கேள்வி: எந்த எடைக் குண்டு நல்லது? 0.20, 0.25, 0.28 எல்லாம் வைத்திருக்கிறேன்.

ஸ்பிரிங் ஷாட்கன்களில் பெரும்பாலும் ஹாப்பைக் கூட்டவோ குறைக்கவோ திருகு கிடையாது. அதனால் குண்டின் எடைதான் உங்கள் கையில் உள்ள ஒரே திருகு. 0.20 போட்டால் குண்டு வழியில் மேலே ஏறி அப்புறம் விழுகிறதா? சுழற்சி அந்த எடைக்கு அதிகம். 0.25 போடுங்கள். அதுவும் ஏறினால் 0.28. நேராகப் போய்க் கடைசியில் மெல்லத் தாழ்ந்தால் அதுவே சரியான எடை. கனமான குண்டு வேகம் குறைவாகக் கிளம்பினாலும் காற்றில் வேகத்தை மெதுவாகத்தான் இழக்கும், ஆகவே வேகமானியில் எண் குறைவது கண்டு கவலை வேண்டாம். ஒரு ஜூலுக்கு 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீட்டர் போக வேண்டும், 0.25 கிராம் குண்டு ஏறக்குறைய 89.4 மீட்டர் போனாலே போதும்.

தரையில் பொறுக்கிய குண்டுகளை எக்காரணம் கொண்டும் திரும்பப் போடாதீர்கள். ஒரு மணல் துகள் மூன்று ரப்பரையும் கீறிவிடும்.

கேள்வி: வேகமானியில் ஒரு முறை 60 மீட்டர், அடுத்த முறை 240 மீட்டர், பிறகு பிழை என்று காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா?

கருவி நன்றாகவே இருக்கிறது. அதற்குள் இரண்டு ஒளிக்கண்கள் உண்டு. ஒரு குண்டு முதல் கண்ணை மறைத்து இரண்டாவதை மறைக்கும் நேரத்தை வைத்து அது வேகத்தைக் கணக்கிடுகிறது. மூன்று குண்டு கொஞ்சம் முன்பின்னாக வந்தால், முதல் கண்ணை ஒரு குண்டும் இரண்டாவதை இன்னொரு குண்டும் மறைத்து, இல்லாத வேகம் ஒன்று பிறக்கும். ஷெல்லில் ஒன்றிரண்டு குண்டுகளை மட்டும் போட்டுத் தனியாகச் சுட்டுப் பாருங்கள். சில ஷெல்கள் கடைசிக் குண்டை வெளியே தள்ளாது. அப்போது ஒன்றைக் கூட்டிப் போடுங்கள். ஒற்றைக் குண்டு போனதாக உறுதியான பத்து அளவுகளை எழுதி வைத்துக்கொண்டால் உங்கள் துப்பாக்கியின் உண்மை நிலை தெரியும். 5 மீட்டருக்குள் ஏற்ற இறக்கம் இருந்தால் நல்ல துப்பாக்கி. 15 மீட்டர் என்றால் மேலே சொன்ன ஓ-ரிங் பதிலைத் திரும்பப் படியுங்கள்.

கேள்வி: கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயைத் துப்பாக்கிக்கும் அடிக்கலாமா?

வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் பட்ட சிலிக்கோன் ரப்பர் ஊதி இளகிவிடும், சில பிளாஸ்டிக்குகள் விரிசல் விடும். பிஸ்டன் ஓ-ரிங்கில் கடுகளவு சிலிக்கோன் கிரீஸ் எடுத்து விரலால் வளையம் முழுக்கத் தடவினால் போதும், பளபளப்பு மட்டும் தெரிய வேண்டும், திட்டாகத் தெரியக் கூடாது. இரும்பும் இரும்பும் உரசும் கொக்கி முனைக்கு லித்தியம் கிரீஸ் துளி. பம்ப் ஓடும் குழாயின் மேல் சிலிக்கோன் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துவிடுங்கள். ஹாப் ரப்பருக்கும் பேரல் உட்புறத்துக்கும் எதுவுமே வேண்டாம். பேரலுக்குள் நேராக ஸ்பிரே அடித்துவிட்டு “திடீரென்று குண்டு விழுகிறது” என்று எழுதுகிறவர்கள் ஏராளம்.

கேள்வி: வாயுவில் ஓடும் என் ஷாட்கன் வெயிலில் நன்றாகச் சுடுகிறது. குளிர்ந்த காலையில் குண்டு கண்ணெதிரே விழுகிறது. ராத்திரி நிரப்பி வைத்தால் காலையில் தொட்டி காலி. ஆறு குண்டு முறையில் வைத்தால் இன்னும் மோசம்.

மூன்று தனித்தனிக் காரணங்கள். முதலாவது இயற்கை. பச்சை வாயு என்று விற்பது சிலிக்கோன் எண்ணெய் கலந்த புரொப்பேன்தான். தொட்டிக்குள் அது திரவமாக இருக்கிறது, அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை ஒன்றுதான். 20 டிகிரியில் சுமார் 8 பார், 0 டிகிரியில் 5 பாருக்கும் கீழே, 40 டிகிரியில் 13 பாருக்கும் மேலே. நிறுத்தாமல் சுட்டாலும் இதே கதை: திரவம் ஆவியாகும்போது தொட்டியைக் குளிரவைக்கிறது, அழுத்தம் இறங்குகிறது. கையால் தொட்டாலே சில்லென்று இருக்கும். குளிர் நாளில் தொட்டியைச் சட்டைக்குள் உடம்பு சூட்டில் வைத்திருங்கள். அடுப்புக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், பூட்டிய காரில் வெயிலில் விட்டுப் போகாதீர்கள். வேகம் வேண்டுமென்று கார்பன் டை ஆக்சைடு குப்பியை இதில் பொருத்த ஒருபோதும் முயல வேண்டாம். 20 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் 57 பார். புரொப்பேனுக்காகச் செய்த தொட்டியும் வால்வும் அதைத் தாங்க மாட்டா.

இரண்டாவது கசிவு. தொட்டியை வெளியே எடுக்க முடியும் மாடல் என்றால், நிரப்பிய தொட்டியை ஒரு கிண்ணத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி நிரப்பும் வால்விலிருந்து வருகிறதா, வெளியேற்றும் வால்விலிருந்தா, மூடியின் இணைப்பிலிருந்தா என்று பார்த்தால் தேடல் முடிந்தது. முதல் மருந்து எளியது: வாயுவை முழுதாக வெளியேற்றி, நிரப்பும் வால்வில் சிலிக்கோன் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, மறுபடி நிரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். காய்ந்து சுருங்கிய ரப்பர் எண்ணெயைக் குடித்துத் திரும்ப உட்கார்ந்துவிடும். கேட்காவிட்டால் ஓ-ரிங் மாற்ற வேண்டும். சீறல் சத்தம் அடியோடு நின்றபின்தான் வால்வு சாவியைத் திருப்பலாம். பழைய ஓ-ரிங்கைப் பல்குத்தும் குச்சியால் கிளப்புங்கள், ஊசியால் கிளப்பினால் பள்ளத்தில் கீறல் விழும், புது ஓ-ரிங்கும் அந்தக் கீறல் வழியே கசியும். நிரப்பும்போது தொட்டியின் வால்வு மேலே பார்க்க, வாயுக் குப்பி தலைகீழாக நிற்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், நெருப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். வைத்துப் பூட்டும் நாட்களில் தொட்டியில் கொஞ்சம் வாயுவை விட்டு வையுங்கள், ரப்பர் அழுத்தத்திலேயே இருந்தால் சுருங்காது.

மூன்றாவது கோளாறே இல்லை. ஒரு சுடலுக்கான வாயுவை மூன்று குண்டுக்குப் பதில் ஆறு பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். 30 குண்டு ஷெல்லும் பத்து சுடலுக்குப் பதில் ஐந்தில் தீர்ந்துவிடும். எதிரி ஏழெட்டு மீட்டரில் வரும் அறைகளுக்கு மட்டும் ஆறு, வெளியிடத்தில் மூன்று.

கேள்வி: பதினைந்து ஷெல் வைத்திருக்கிறேன். சில நேரம் ஒரு குண்டுகூட வராமல் காற்று மட்டும் வருகிறது. சில நேரம் ஒரே சுடலில் ஐந்தாறு உதிர்கிறது.

முதலில் ஷெல்களின் அடியில் மார்க்கரால் எண் போடுங்கள். இரண்டு நாள் விளையாடினால் குற்றவாளி துப்பாக்கியா, 4-ஆம் எண்ணும் 11-ஆம் எண்ணுமா என்பது தெரிந்துவிடும். ஷெல் குற்றவாளி என்றால் வாய்ப்பகுதியில் வெடிப்பு இருக்கும், அல்லது உள்ளே தூசி சேர்ந்து தள்ளுவான் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி, குலுக்கி, ஒரு நாள் உலர விடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், அது தூசியை அழைத்து வரும், குண்டோடு போய் ஹாப் ரப்பரிலும் ஒட்டும். 30 குண்டு ஷெல்லில் 31-ஐத் திணிப்பதும் ஒரு காரணம். உள்ளே ஸ்பிரிங் முழுக்க அமுங்கிவிட்டால் ஷெல்லைப் பூட்டும்போது மேல் குண்டு அசைய இடமில்லாமல் சிக்கிக்கொள்ளும்.

எல்லா ஷெல்லிலும் இதே தொல்லை என்றால் பம்ப் இழுக்கும் விதத்தைப் பாருங்கள். அரைகுறையாக இழுத்து, திரும்பத் தள்ளி, மறுபடி இழுத்தால் முதல் மூன்று குண்டுகளின் பின்னாலேயே அடுத்தவை வந்து நிற்கும். ஐந்தாறு உதிர்வது அதனால்தான். ஒவ்வொரு முறையும் பின்னால் முட்டும்வரை, முன்னால் முட்டும்வரை.

கேள்வி: கறுப்பு நிறம் அலுத்துவிட்டது. பாலைவன மண் நிறம் அடித்தேன், இரண்டே ஆட்டத்தில் தோல் உரிவது போல உரிந்துவிட்டது.

பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. தொழிற்சாலை அச்சிலிருந்து பிளாஸ்டிக் கழன்று வருவதற்குத் தடவும் எண்ணெய், அதன் மேல் உங்கள் கைப்பிசுக்கு, அதற்கு மேல் பெயிண்ட். அது பிளாஸ்டிக்கைத் தொடவே இல்லை.

முடிந்தவரை பிரித்து, பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவுங்கள். உலர்ந்தபின் 600 எண் நீர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். நோக்கம் சுரண்டுவதல்ல, பளபளப்பைக் கொல்வது. மங்கலான சாம்பல் பூத்தாற்போல ஆனதும் நிறுத்துங்கள். திரும்பவும் அலசி உலர்த்தி, அதன்பின் வெறுங்கையால் தொடாதீர்கள். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்குச் சாதாரணப் பிளாஸ்டிக் பிரைமர் போதும். மெழுகுபோல வழவழக்கும் நைலான், பாலிபுரொப்பிலீன் பாகங்களுக்கு ஒட்டுதல் கூட்டும் தனிப் பிரைமர் வேண்டும். பழைய பெயிண்டை எடுக்க அசிட்டோன் தொட்டால் ஏ.பி.எஸ். கரைந்து குழைந்துவிடும்.

ஸ்பிரேயை 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். முதல் அடி தூறல் மாதிரி இருக்கட்டும், அடிநிறம் தெரியலாம். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது, அப்படி மூன்று. ஒரே அடியில் மூட நினைத்தால் வழியும், வழிந்த இடம்தான் முதலில் உரியும். 24 மணி நேரம் கழித்து மேட் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு. பம்ப் ஓடும் குழாய், டிரிகர், ஷெல் கதவின் கீல், பேரலின் வாய் இவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட வேண்டும். உரசும் இடத்தில் எந்தப் பெயிண்டும் நிற்காது.

முனையில் உள்ள ஆரஞ்சு நிறத்தையும் டேப்பால் மூடிக் காப்பாற்றுங்கள். பல நாடுகளில் அது சட்டத்துக்காக வைத்த அடையாளம். சட்டம் கேட்காத இடத்திலும் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு, காவலருக்கும் சேர்த்துத்தான், இது பொம்மை என்று சொல்ல வேறு எதுவும் இல்லை. மற்ற பாகமெல்லாம் அசல் போலாகும்போது அந்த ஆரஞ்சு இன்னும் அவசியமாகிறது.

கேள்வி: பிளாஸ்டிக் பின்கட்டைக்குப் பதில் மரக்கட்டை செய்ய ஆசை. தச்சு வேலை ஓரளவு தெரியும்.

ஓரளவு தெரிந்தாலே அழகாக வரும், இந்தத் துப்பாக்கிக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் எங்களுக்குப் பிடித்ததும் இதுதான். நார் நீளவாட்டில் ஓடும், முடிச்சில்லாத பலகை எடுங்கள். நார் குறுக்கே ஓடினால் கைப்பிடி மெலியும் இடத்தில் ஒரு தட்டில் இரண்டாகும். பழைய கட்டையைப் பலகை மேல் வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே அறுங்கள். வெளி வடிவத்துக்கு முன் உடற்கூட்டோடு சேரும் முகத்தையும் திருகுத் துளையையும் முடித்துவிடுங்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதுதான் துளை நேராக விழும், உருட்டியபின் பிடிக்க இடமிருக்காது. அரம் போட்டு உருட்டி, 120, 240, 400 என்று உப்புத்தாள். 240-க்குப் பின் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் நார்முடி எழும்பி நிற்கும். காய்ந்ததும் 400-ஆல் அதை மழித்துவிட்டால் பின்னர் சொரசொரக்காது.

மெருகுக்குக் கொதித்த ஆளிவிதை எண்ணெய். தாராளமாகப் பூசி, 15 நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்து, ஒரு நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை. துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்துப் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், குவிந்த துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும். வெளியில் விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். வாயுத் தொட்டி பின்கட்டைக்குள் இருக்கும் வாயு மாடல்களில் மட்டும் இந்த வேலை வேண்டாம். அந்தக் குழிவை மரத்தில் குடைந்தால் மிஞ்சும் சுவர் மிகவும் மெல்லியது.

கேள்வி: பேரலை வெட்டிக் குட்டையாக்கினால் குறி கெடுமா?

உள்பேரல்கள் மூன்றையும் வாய்ப்பக்கத்தில் மட்டும், ஒரே நீளத்துக்கு வெட்டி, வெட்டு முகத்தின் பிசிறை உள்ளும் புறமும் நீக்கினால் பத்து மீட்டரில் பெரிய வேறுபாடு தெரியாது. கெடுவது பிசிறால்தான். வாயில் ஒரு பக்கம் மட்டும் உலோக முள் நின்றால் ஒவ்வொரு குண்டும் அந்தப் பக்கம் இடறும். நீளம் குறையும்போது வேகமும் மாறும், வெட்டியபின் திரும்ப அளந்தே ஆக வேண்டும். வெளிக்குழாயைப் பம்ப் பிடி முழுதாக முன்னால் வந்து நிற்கும் இடத்துக்கு 3 செ.மீ. முன்னாலாவது நிறுத்துங்கள், இல்லையென்றால் கை வாய்க்கு முன்னே நழுவும். வெட்டி எடுத்த துண்டிலிருந்த ஆரஞ்சு முனையைப் புது வாயில் பொருத்திவிடுங்கள். தெருவில் கொண்டு போகும்போது எந்த நீளமானாலும் மூடிய பைக்குள்தான்.

கேள்வி: சாதாரண வெயில் கண்ணாடி போதாதா?

போதாது, பளிங்குபோல் நொறுங்கும். கண்ணாடிச் சட்டகத்திலோ ஓரத்திலோ பொறித்திருக்கும் குறியைப் பாருங்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 166-இல் எஃப் குறி என்றால் 0.86 கிராம் எஃகுக் குண்டை வினாடிக்கு 45 மீட்டரில் தாங்கும். அது 0.87 ஜூல்தான், நம் குண்டுகள் பலவற்றுக்கும் கீழே. பி குறி 120 மீட்டர், அதாவது 6 ஜூலுக்கும் மேல். காது கொக்கி வைத்த கண்ணாடிகளுக்கு எஃப்-க்கு மேல் கிடைக்காது. முகத்தோடு ஒட்டி அமரும், பட்டை வைத்த காகிள்ஸ்தான் பி தரும். மூன்று குண்டு ஒன்றாக வரும் ஆட்டத்தில் ஓரத்து இடைவெளியும் ஒரு வாசல்தான். பட்டறையில் சோதித்துச் சுடும்போதும் கழற்றாதீர்கள், சுவரில் பட்ட குண்டு நேரே திரும்பி வரும்.

கேள்வி: நாலைந்து முறை பிரித்துப் பூட்டியதில் திருகுகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. தலைகளும் மழுங்கிவிட்டன.

தலை மழுங்குவதற்குக் காரணம் திருப்புளி. ஜப்பானிய மாடல்களில் கூட்டல் குறித் தலை ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் இருக்கும். சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக இறங்காமல் நழுவும். ஜே.ஐ.எஸ். முனை ஒன்று வாங்கி வையுங்கள். துளை தேய்ந்தது பூட்டும் விதத்தால். திருகை வைத்ததும் முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் டக்கென்று சின்னதாக விழும். பழைய மரை அங்கே தொடங்குகிறது, அங்கிருந்து முறுக்கினால் புது மரை வெட்டாது. ஏற்கெனவே தேய்ந்த துளைக்குள் பல்குத்தும் குச்சியின் முனையில் சூப்பர் பசை தொட்டு, சுவரில் மட்டும் மெல்லியதாகப் பூசி, ஒரு மணி நேரம் நன்றாகக் காய விட்டுத் திருகைப் போடுங்கள். ஈரமாக இருக்கும்போது போட்டால் அந்தத் திருகு அப்புறம் வெளியே வராது.